லோடு வண்டிச் சக்கரத்தில் ரீங்காரம்: காரணம் கண்டபின் கழற்றுங்கள்

கடையம் வட்டாரத்துத் தோட்டங்களில் பறிக்கப்படும் கத்தரி, வெண்டை, தக்காளி ஆகியவை அன்றன்றே பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை கிடைக்கும். ஒரு நாள் தாமதித்தாலும் காய் வாடும். எடையும் குறையும், மதிப்பும் குறையும். ஒரு காலத்தில் மாட்டு வண்டியும் வாடகை லாரியும் செய்து வந்த இந்த வேலையை இப்போது சிறிய லோடு வண்டிகள் செய்கின்றன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் விற்பனைக்கு வந்தது. 'குட்டி யானை' என்ற செல்லப் பெயரும் கிராமங்கள் தோறும் பரவியது. அதன்பின் பல கம்பெனிகளின் பிக்கப் வண்டிகள் வந்துவிட்டன. இன்று சிறு விவசாயிகளில் சிலர் கடன் பெற்றும், சிலர் பழைய வண்டியை விலைக்கு வாங்கியும் ஓட்டி வருகிறார்கள்.

இத்தகைய வண்டிகளில் அடிக்கடி கேட்கப்படும் புகார் ஒன்று உண்டு. வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அடியிலிருந்து வண்டு பறப்பதைப் போல் ஒரு ரீங்காரம் எழுகிறது. வேகம் கூடக்கூட ஓசையும் கூடுகிறது. வேகம் குறைந்தால் அடங்கிவிடுகிறது. வண்டி ஓடத்தான் செய்கிறது.

இந்த நிலையில் பலரும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். ஓடுகிற வரையில் ஓடட்டும் என்று விட்டுவிடுவது முதல் தவறு. தேய்ந்த பேரிங் ஒரு நாள் இறுகிப் போய் அச்சையே கெடுக்கலாம். சக்கரம் கழன்று ஓடி உயிருக்கே ஆபத்தாகலாம். கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றிப் பார்ப்பது இரண்டாவது தவறு. பின் அச்சைப் பிரித்துக் கிரவுன்-பினியன் வரை மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும். கடைசியில் பார்த்தால் குற்றம் டயரில் இருந்திருக்கும்.

பயிர் மஞ்சளானால் நல்ல விவசாயி உடனே மருந்துக் கடைக்கு ஓடுவதில்லை. முதிர்ந்த இலை மஞ்சளானதா, இளந்தளிர் மஞ்சளானதா என்று பார்க்கிறார். அடியிலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு என்றும், இளந்தளிரில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றும் சந்தேகிக்கிறார். வண்டியின் ரீங்காரத்தையும் இதே முறையில் அணுக வேண்டும். சத்தம் எதனால் மாறுகிறது, எதனால் மாறவில்லை என்பதைக் கவனித்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

ரீங்காரம் எப்படி உண்டாகிறது?

எண்ணெய் காணாத மாட்டு வண்டி அச்சு கிறீச்சிடுவதைக் கேட்டு, வண்டி மசகு போட வேண்டும் என்று முன்பு உடனே தெரிந்து கொண்டார்கள். லோடு வண்டியின் சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசுவதில்லை. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் குண்டுகள் அல்லது உருளைகள் உருண்டு ஓடுகின்றன. அமெரிக்காவில் குதிரை வண்டி செய்து வந்த ஹென்றி டிம்கென் என்பவர் 1898-ஆம் ஆண்டில் கூம்பு வடிவ உருளைகளைக் கொண்ட பேரிங்குக்கு உரிமை பெற்றார். மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் ஒருங்கே தாங்குவது இதன் சிறப்பு. இன்றும் பல லோடு வண்டிகளின் சக்கரங்களில் இவ்வகைப் பேரிங்குகள் உள்ளன.

வளையத்தின் வழவழப்பான தடத்தில் கடுகளவு குழி விழுந்தாலும் போதும். ஒவ்வோர் உருளையும் அதன்மேல் ஏறி இறங்கும்போது ஓர் அடி விழும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏறத்தாழ 7 முறை சுற்றும். பேரிங்கில் 18 உருளைகள் இருந்தால், அந்தக் குழியில் வினாடிக்கு 50-க்கும் மேற்பட்ட அடிகள் விழும். காதுக்கு அவை தனித்தனி அடிகளாகக் கேட்பதில்லை. ஒன்று சேர்ந்து கனத்த உறுமலாகக் கேட்கின்றன.

பின் அச்சின் நடுவில் உள்ள பினியன் என்னும் சிறிய பற்சக்கரமோ, சக்கரத்தைவிடச் சுமார் 4 அல்லது 5 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அதன் பற்கள் ஒவ்வொன்றாகக் கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைத் தொடும்போது வினாடிக்கு 300 தொடுகைகள் வரை நேரும். ஆகவே கிரவுன்-பினியன் தேய்ந்தால் எழும் சத்தம், பேரிங்கின் உறுமலைவிட மெல்லியதாகவும் கீச்சென்றும் ஊளையிடுவது போல இருக்கும். உறுமலா, ஊளையா என்பதே முதல் அடையாளம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது.

ஓட்டிப் பார்க்குமுன்

நான்கு டயர்களிலும் காற்றை வண்டிப் புத்தகத்தில் கண்ட அளவுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். டயர் பொளிகளில் சிக்கிய கற்களை எடுத்துவிட வேண்டும். பிரேக் டிரம்முக்கு அருகில் வைக்கோல், கம்பி, சாக்கு நூல் ஏதேனும் சுற்றியிருந்தால் அகற்ற வேண்டும். சில வேளைகளில் சத்தம் இத்துடனேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

சோதனை ஓட்டத்துக்குப் போக்குவரத்துக் குறைந்த, நேரான, சமமான சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு, ஓட்டுபவருடன் இன்னொருவரும் முன்னிருக்கையில் அமர்ந்து கவனிப்பது நல்லது. பின்னால் லோடு ஏற்றும் இடத்தில் ஆளை ஏற்றிச் சத்தம் கேட்கச் சொல்வது ஆபத்து. அதைச் செய்யவே கூடாது.

ஐந்து சோதனைகள்

முதற் சோதனை சாலை. ஒரே வேகத்தில் பழைய சொரசொரப்பான தார்ச் சாலையிலும், புதிதாகப் போட்ட வழவழப்பான சாலையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடையத்தார் தங்கள் ஊர்ச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, பாவூர்சத்திரத்தில் நான்கு வழிச் சாலையில் ஏறினால் இந்தச் சோதனை தானே நடந்துவிடும். சாலை மாறியதும் சத்தமும் நன்றாக மாறினால் டயரைச் சந்தேகிக்கலாம். எந்தச் சாலையிலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் பேரிங் அல்லது அச்சைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது வேகம். சத்தம் கேட்கும் வேகத்தில் கியரை மாற்றி, வண்டியின் வேகத்தை மாற்றாமல் ஓட்ட வேண்டும். அப்போது எஞ்சினின் சுற்று மாறும். சக்கரத்தின் சுற்று மாறாது. சத்தம் எஞ்சினைப் பின்பற்றி மாறினால் கோளாறு எஞ்சின், கிளட்ச் அல்லது கியர் பாக்ஸ் பக்கம் இருக்கிறது. மாறாவிட்டால் கோளாறு சக்கரப் பக்கம் இருக்கிறது. பின்னர் சமதளத்தில் ஒரு சில வினாடிகள் நியூட்ரலில் விட்டுப் பார்க்கலாம். நியூட்ரலிலும் சத்தம் தொடர்ந்தால் எஞ்சினைக் குறைகூறத் தேவையில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவதும் கூடாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்போது கனத்துப் போகும்.

மூன்றாவது ஆக்சிலரேட்டர். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் கிரவுனைத் தள்ளுகிறது. விட்டுவிட்டால் கிரவுன் பினியனைத் தள்ளுகிறது. அதாவது பற்களின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு அழுத்தம் மாறுகிறது. மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டதும் அடங்கினாலோ, விட்டபோது மட்டும் ஊளையிட்டாலோ கிரவுன்-பினியன் அல்லது பினியன் பேரிங் தேய்ந்திருக்கலாம். சக்கரப் பேரிங்கின் உறுமல் ஆக்சிலரேட்டருக்கு அவ்வளவாக மாறுவதில்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குக் காய் கொண்டு செல்பவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படும். ஏற்றத்தில் ஒரு சத்தமும் இறக்கத்தில் வேறு சத்தமும் கேட்டால் அச்சின் நடுப்பகுதியைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது வளைவு. வண்டி வலப்புறம் திரும்பும்போது பாரம் இடப்புறச் சக்கரங்களின் மீது சாய்கிறது. இடப்புறம் திரும்பும்போது வலப்புறச் சக்கரங்களின் மீது சாய்கிறது. ஆளில்லாத அகன்ற இடத்தில், மிதமான வேகத்தில், ஸ்டியரிங்கை மெதுவாக இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். வலப்புறம் திரும்புகையில் உறுமல் கூடினால் இடச் சக்கரப் பேரிங்கையும், இடப்புறம் திரும்புகையில் கூடினால் வலச் சக்கரப் பேரிங்கையும் முதலில் பார்க்கலாம். முன் சக்கரங்களில் இது தெளிவாகத் தெரியும். பின் அச்சில் அவ்வளவு தெளிவாகத் தெரியாமல் போகலாம். எனவே இந்தச் சோதனையை மட்டும் நம்பிப் பேரிங்கை மாற்றக் கூடாது.

ஐந்தாவது பாரம். காலி வண்டியில் கேட்காத சத்தம் லோடு ஏற்றியதும் கேட்டால், பின் சக்கரப் பேரிங், பின் அச்சு ஆகியவற்றின் மீது சந்தேகம் வலுக்கிறது. சோதனைக்கென்று அளவுக்கு மீறி ஏற்றிவிடக் கூடாது. வழக்கமாகச் சந்தைக்கு ஏற்றும் பாரமே போதும்.

டயர்தானா என்று அறிய

ரீங்காரத்துக்குப் பெரும்பாலும் எளிய காரணமும் செலவு குறைந்த காரணமும் டயரே. எனவே அதை முதலில் பார்ப்பதே முறை. வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் ஒரு திசையில் தடவ வேண்டும். பிறகு எதிர்த் திசையில் தடவ வேண்டும். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் அரம் போலக் கையைப் பிடித்தால் டயர் பல்பல்லாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். சில டயர்களில் இடைவிட்டு இடைவிட்டுக் குழி விழுந்திருக்கும். கம்பி வெளியே தெரியலாம் என்பதால் முதலில் கண்ணால் பார்த்துவிட்டே கையை வைக்க வேண்டும்.

இத்தகைய தேய்மானத்துக்குச் சக்கரக் கோணம் பிசகியிருத்தல், ஷாக் அப்சார்பர் வலுவிழத்தல், காற்றுக் குறைவு, டயர்களை இடம் மாற்றாமலே ஓட்டுதல் ஆகியவை காரணங்கள். உறுதி செய்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னால் கேட்ட சத்தம் பின்னால் போனாலோ, சத்தத்தின் தன்மை மாறினாலோ குற்றம் டயருடையது. மாறாமல் அதே இடத்தில் கேட்டால் டயர் குற்றமற்றது. முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள டயர்கள் இருந்தால் மட்டுமே இப்படிச் செய்யலாம்.

சேற்றுப் பாதைக்கென்று பெரிய கட்டைகளுடன் வரும் டயர்களும், சில ரீட்ரெட் டயர்களும் இயல்பாகவே ரீங்காரமிடும். டயர் மாற்றிய நாளிலிருந்து சத்தம் வந்திருந்தால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றினால் தேய்மானம் சீராக இருக்கும்.

ஜாக்கி வைத்துப் பார்த்தல்

சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்த வேண்டும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஒரு சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கி வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைந்தவர்கள் உயிரிழந்ததுண்டு. செங்கல் தாங்கி ஆகாது, பாரத்தில் நொறுங்கிவிடும்.

சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து மாறி மாறி ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் பால் ஜாயிண்ட், கிங் பின் போன்ற பாகங்களைப் பார்க்க வேண்டும். இடப்புறமும் வலப்புறமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்டியரிங் இணைப்புகளில் தேய்மானம் இருக்கலாம்.

அடுத்து, சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, மறு கையைச் சுழலாத பாகமான ஸ்பிரிங்கின் மீது வைக்க வேண்டும். நல்ல பேரிங் ஓசையின்றிச் சுழலும். கெட்ட பேரிங்கில் மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு விரல்களுக்குத் தெரியும். ஒரு சக்கரத்தைத் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். ஆகவே வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

சூடு சொல்லும் செய்தி

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியபின், கடைசியில் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் வண்டியை மெல்ல நிறுத்த வேண்டும். புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கொண்டுபோய், தொடாமலே சூட்டை ஒப்பிட வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அதில் பேரிங் கெட்டிருக்கலாம், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிரேக் பிடித்திருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஜாக்கி வைத்தால் சக்கரம் எளிதில் சுற்றாது. லைனர் கருகும் நெடியும் வரும்.

பின் அச்சும் எண்ணெயும்

ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப ஊளை மாறுகிறதென்று கண்டால், அச்சைப் பிரிக்குமுன் எண்ணெயைப் பார்க்க வேண்டும். பின் அச்சின் நடுவில் உள்ள குண்டான பகுதியில் எண்ணெய் அளவு காட்டும் அடைப்பான் இருக்கும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது அதைக் கழற்றினால், எண்ணெய் துவாரத்தின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். கொஞ்சம் எண்ணெயை விரலில் எடுத்துப் பார்த்தால் மூன்று செய்திகள் தெரியும். தெளிவாக இருந்தால் நல்லது. இரும்புத் துகள்கள் பளபளத்தால் பற்களோ பேரிங்குகளோ தேய்கின்றன. பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இந்தப் பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு வழுக்கியும் செல்கின்றன. ஆகவே கடும் அழுத்தத்தைத் தாங்கும் கியர் ஆயிலே இதற்கு வேண்டும். மிச்சமிருக்கும் எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சமாளிப்பது சிக்கனமாகத் தோன்றும். அது பிறகு கிரவுன்-பினியனையே விலையாக வாங்கிவிடும். எந்த ஆயில் என்பதை வண்டிப் புத்தகத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தால் ஆயில் சீல் கெட்டிருக்கிறது. இதனால் அச்சில் எண்ணெய் குறைவதோடு பிரேக் லைனரும் நனையும், பிரேக் பிடிக்காது. உடனே கவனிக்க வேண்டும்.

கியர் போட்டு வண்டி நகரும்போது 'டங்' என்ற ஓசையும், ஓட்டத்தில் தரை அதிர்வும் இருந்தால், புரொப்பெல்லர் ஷாப்ட் என்னும் நீண்ட தண்டின் ஜாயிண்டுகளையும், இரு துண்டுத் தண்டு உள்ள வண்டிகளில் சென்டர் பேரிங்கையும் பார்க்க வேண்டும். இவற்றின் தேய்மானமும் ரீங்காரம் தரும். பின் அச்சைப் பிரிப்பதைவிட இவற்றை மாற்றும் செலவு மிகக் குறைவு.

ஆற்றில் இறக்கிக் கழுவலாமா?

ராமநதி, கடனாநதி ஆகியவற்றின் கால்வாய்கள் ஓடும் இந்த வட்டாரத்தில் வண்டியை நீரில் இறக்கிக் கழுவுவது எளிது. ஆனால் பேரிங்குக்கு இதைவிடப் பெரிய கேடு குறைவு. சந்தையிலிருந்து திரும்பிய வண்டியின் சக்கர மையமும் பின் அச்சும் சூடாக இருக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்பச் சீலின் இடுக்கு வழியாகவும் அச்சின் மூச்சுத்துளை வழியாகவும் தண்ணீரும் நுண்மணலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. கிரீஸ் கழுவப்படுகிறது. வழவழப்பான தடத்தில் துரு பிடிக்கிறது. சில வாரங்கள் கழித்து ரீங்காரம் தொடங்கும்போது அந்தக் குளியல் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

கரையில் நிறுத்தி, சூடு ஆறியபின், வாளித் தண்ணீரால் கழுவுவதே போதுமானது. எண்ணெயும் கிரீசும் பாசன நீரில் கலக்காமல் இருப்பதும் இதனால் கிடைக்கும் நன்மை. மழைக் காலத்தில் சக்கரத்தின் மையம் மூழ்கும் அளவு நீரில் வண்டி இறங்க நேர்ந்தால், பின்னர் அச்சு எண்ணெயைச் சோதிக்க வேண்டும். டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வயல் சேற்றில் இறங்கும் டிரெய்லரின் சக்கரப் பேரிங்குகளைப் பலரும் வாங்கிய நாள்முதல் திறந்தே பார்ப்பதில்லை. பிசான நடவு தொடங்குமுன் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது நலம்.

பாரமும் பேரிங்கின் ஆயுளும்

நெல் மூடை இன்னும் இரண்டு ஏற்றினால் என்ன, தேங்காய் இன்னும் நூறு போட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பு. வாடகை ஒரு நடை மிச்சமாகும். ஆனால் பேரிங்கின் கணக்கு வேறு. ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் ஆகிய இருவர் 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் வழியில், பேரிங்கின் ஆயுளைக் கணக்கிடும் முறை உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதன்படி உருளைப் பேரிங்கின் மீது விழும் பாரம் கால் பங்கு கூடினால் அதன் ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது. பாரம் ஒன்றரை மடங்கானால் ஆயுள் ஏறத்தாழக் கால் பங்காகிறது. பாரம் இரட்டித்தால் ஆயுள் பத்தில் ஒரு பங்கே மிஞ்சுகிறது.

ஆகவே இரண்டு நடையில் கொண்டுபோக வேண்டியதை ஒரே நடையில் ஏற்றிச் செல்வது உண்மையில் மிச்சமாகாது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் கண்ட அளவுக்கு மேல் ஏற்றாமல் இருப்பதும், பாரத்தை ஒரு பக்கமாகவோ பின்கோடியிலோ குவிக்காமல் சமமாக அடுக்குவதும் செலவில்லாத பராமரிப்பாகும்.

பேரிங் மாற்றும்போது

பேரிங் கெட்டது உறுதியானபின் மாற்றும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விட வேண்டும். எனினும் வண்டிக்காரர் உடனிருந்து சிலவற்றைக் கவனிப்பது நல்லது. உருளைகள் உள்ள உள்பாகத்தை மட்டும் மாற்றி, குழி விழுந்த பழைய வெளிவளையத்தை அப்படியே விடக் கூடாது. இரண்டும் ஒரே ஜோடியாகப் புதிதாக இருக்க வேண்டும். சீலும் புதிதாக வேண்டும். புதுப் பேரிங்கை மண் தரையில் வைக்கக் கூடாது. சுத்தியலால் நேரடியாக அடித்து ஏற்றினால், புதிய தடத்தில் அன்றே குழி விழுந்துவிடும். சக்கரப் பேரிங்குக்கு உரிய கிரீசை உருளைகளின் இடையில் புகும்படி வைக்க வேண்டும். பழைய கிரீசோடு வேறு வகைக் கிரீசைக் கலக்கக் கூடாது.

கூம்புப் பேரிங்குகளில் நட்டை இறுக்குவதே முக்கியமான வேலை. அதிகம் இறுக்கினால் சூடாகிக் கருகும். தளர விட்டால் ஆட்டம் கண்டு உடையும். புத்தகத்தில் சொன்ன முறைப்படி இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, புதிய பூட்டு ஊசி போட வேண்டும். இப்போது வரும் சில வண்டிகளில் பேரிங் மூடிய முழு அமைப்பாக வருகிறது. அதில் இறுக்கிச் சரிசெய்ய வழியில்லை. முழுதாகவே மாற்ற வேண்டும். போலிப் பேரிங்குகள் சந்தையில் உலவுவதால் நம்பிக்கையான கடையில் ரசீதுடன் வாங்க வேண்டும். புதுப் பேரிங் போட்டு 50 கிலோமீட்டர் ஓடியபின் ஆட்டத்தையும் சூட்டையும் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

ரீங்காரம் உறுமலாகி, உறுமல் கரகரவென்று அரைக்கும் சத்தமாக மாறுதல், சக்கரம் தள்ளாடுதல், ஸ்டியரிங் நடுங்குதல், சக்கரத்திலிருந்து புகையோ கருகல் நெடியோ வருதல், பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே, சந்தை வரை போய்விடலாம்" என்ற எண்ணம்தான் அச்சை முறிக்கிறது. சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காயை வேறு வண்டிக்கு மாற்றிச் சந்தைக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு நடை வாடகை போகலாம். ஆனால் கழன்று ஓடும் சக்கரம் எதிரே வருபவரைத் தாக்கினால் அந்த நஷ்டத்தை எந்த வெள்ளாமையாலும் ஈடுகட்ட முடியாது.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

"சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவந்தால், மெக்கானிக்கும் ஊகித்தே வேலை செய்ய நேரும். கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் வேலையும் விரைவில் முடியும், வீண் செலவும் குறையும்.

1. எந்த வேகத்தில் சத்தம் தொடங்குகிறது; உறுமலா, ஊளையா.

2. சாலை மாறினால் மாறுகிறதா.

3. நியூட்ரலில் விட்டாலும் தொடர்கிறதா.

4. ஆக்சிலரேட்டரை மிதித்தால், விட்டால் என்ன ஆகிறது.

5. எந்தப் பக்கம் திரும்பும்போது கூடுகிறது.

6. காலி வண்டியிலும் கேட்கிறதா, பாரத்தில் மட்டும் கேட்கிறதா.

7. எந்தச் சக்கரம் சூடாகிறது. எங்கே எண்ணெய் கசிகிறது.

8. அண்மையில் டயர் மாற்றியதுண்டா, நீரில் இறங்கியதுண்டா.

இவற்றுள் முதல் ஆறும் சந்தைக்குப் போய்வரும் ஒரே பயணத்தில் தெரிந்துவிடக் கூடியவை. முதலில் டயர், பிறகு சக்கரப் பேரிங், பிறகு தண்டின் ஜாயிண்டு, கடைசியில் கிரவுன்-பினியன் என்ற வரிசையில், செலவு குறைந்ததிலிருந்து செலவு கூடியதை நோக்கிச் செல்ல வேண்டும். ஆனால் ஆட்டமோ சூடோ தெரிந்துவிட்டால் வரிசை பார்க்காமல் அந்தச் சக்கரத்தையே முதலில் கவனிக்க வேண்டும். இந்த முறையைக் கடைப்பிடித்தால் வண்டியும் நெடுநாள் உழைக்கும். காயும் வாடாமல் உரிய நேரத்தில் சந்தை சேரும்.